கடைசி வரியில் ஒளிந்திருந்த ஆபத்து! - இன்ஜினீயர்களுக்கு எழுத்து வகுப்பு எதைக் கற்றுத் தருகிறது?

இந்த வகுப்புக்கு வந்தபோது எப்படி எழுதினீர்கள்? இப்போது எப்படி எழுதுகிறீர்கள்? இடையில் உங்களிடம் என்ன மாறியது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இன்ஜினீயரிங் மாணவர்களுக்கான டெக்னிக்கல் ரைட்டிங் வகுப்பின் கடைசி அசைன்மென்ட் கிட்டத்தட்ட இந்தக் கேள்விகள்தான். செமஸ்டர் முழுக்க எழுதிய அறிக்கைகள், மெமோக்கள், செய்முறைக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகத் தொகுக்க வேண்டும். அதற்கு முன்னால், தன் வளர்ச்சியைப் பற்றி இரண்டு மூன்று பக்கங்கள் தானே எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு ஃபார்முலா கிடையாது. சீனியரின் நோட்ஸ் உதவாது. விடை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இல்லை. இன்டெக்ரேஷன் கணக்கை அநாயாசமாகப் போடுகிறவர்கள்கூட இங்கே பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

"இன்ஜினீயருக்கு எதற்கு எழுத்து? மெஷின் ஓடினால் போதாதா?" என்று கேட்கத் தோன்றும். நம் வீடுகளிலும் அப்படித்தான். மார்க்‌ஷீட் வந்தால் கணக்கில் எவ்வளவு, பிசிக்ஸில் எவ்வளவு என்று விசாரிப்போம். இங்கிலீஷ் பேப்பர் என்றால், "பாஸ்தானே?" என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால், சரியாகப் படித்தால் ஒரு மாணவரை உள்ளிருந்து மாற்றக்கூடிய வகுப்பு அது. எப்படி என்பதுதான் இந்த வாரம்.

நம் பாடத்திட்டத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் 'டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்று ஒரு பேப்பர் இருந்தது. 2021 ரெகுலேஷனில் முதல் ஆண்டிலேயே 'புரொஃபஷனல் இங்கிலீஷ்' என்று இரண்டு பேப்பர்கள் வந்தன. செய்முறைக் குறிப்பு, பரிந்துரை, அறிக்கை, வேலை விண்ணப்பம் எல்லாம் இந்தப் பாடங்களின் எல்லைக்குள்தான் வருகின்றன.

இன்ஜினீயரிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அங்கீகார வாரியமும், பட்டதாரிகளிடம் எதிர்பார்க்கும் திறன்களில் ஒன்றாகத் தகவல் தொடர்பைச் சேர்த்திருக்கிறது. இன்ஜினீயரிங் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது. அந்த ஒப்பந்தமும் இதே திறனைக் கேட்கிறது.

ஆக, பேப்பர் இருக்கிறது. சிக்கல் அதைப் படிக்கும் விதத்தில்தான். எட்டு குறிப்புகள் எழுதச் சொன்னால், மாதிரி விடையிலிருந்து எட்டு வரிகள். அறிக்கை கேட்டால், போன வருஷக் கேள்வித்தாளில் வந்த அதே அறிக்கை, தேதி மட்டும் மாறியிருக்கும். மார்க் வந்துவிடும். மாற்றம் வராது.

டிகாக்‌ஷன் டெஸ்ட்

டெக்னிக்கல் ரைட்டிங் வகுப்புகளில் ஒரு பிரபலமான பயிற்சி உண்டு. தினமும் செய்யும் ஒரு வேலையை, அதைச் செய்தே பழக்கமில்லாத ஒருவருக்காகப் படிப்படியாக எழுத வேண்டும். இன்னொரு மாணவர் அந்தத் தாளை வாங்கி, அதில் இருப்பதை மட்டும் செய்வார். இல்லாத எதையும் செய்ய மாட்டார். வெளிநாடுகளில் இதற்கு பிரெட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவச் சொல்வார்கள். நாம் ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்வோம்.

'ஃபில்டரில் காபிப்பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி வைக்கவும்.'

எழுதியவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. வீட்டில் பத்து வருஷமாக அம்மா டிகாக்‌ஷன் போடுவதைப் பார்த்தவர் அவர். ஆனால், ஃபில்டரைப் பார்த்தே இராத ஒருவர் இதைப் படித்தால்? ஃபில்டரில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றனவே, பொடியை எதில் போடுவது? எத்தனை ஸ்பூன்? குடை மாதிரி ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டுமா, சூடாக இருந்தால் போதுமா? எவ்வளவு நேரம் காத்திருப்பது? அவர் கீழ் அடுக்கிலேயே பொடியைப் போட்டு, அதிலேயே வெந்நீரை ஊற்றி மூடிவைத்தாலும், தாளில் இருப்பதை அப்படியே செய்தார் என்றுதான் அர்த்தம்.

"இதுகூடவா தெரியாது?" என்று முதலில் கோபம் வரும். கொஞ்சம் யோசித்தால், "இதை நாம் எழுதவே இல்லையே" என்று புரியும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான், இந்த வகுப்பில் ஒரு மாணவர் கடக்கும் முதல் தூரம்.

இது ஏன் கஷ்டமாக இருக்கிறது? ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாணவர்கள் எழுதியதெல்லாம், விடை ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்காக. பேப்பர் திருத்தும் ஆசிரியருக்கு நியூட்டனின் விதி தெரியும். 'இவனுக்குத் தெரிந்திருக்கிறதா?' என்று பார்க்கத்தான் அவர் படிக்கிறார். பாதி எழுதினாலும் மீதியை ஊகித்துக்கொள்வார்.

வேலைக்குப் போனதும் இது தலைகீழாகிவிடுகிறது. அங்கே வாசிப்பவருக்கு விடை தெரியாது. தெரியாததால்தான் அவர் வாசிக்கிறார். எழுதியவர் புத்திசாலியா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. 'இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?' என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். 'எனக்கு எவ்வளவு தெரியும்' என்று காட்டும் எழுத்திலிருந்து, 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்கும் எழுத்துக்கு மாறுவதுதான் வளர்ச்சி. மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

கல்பனா சாவ்லாவின் விண்கலமும் ஒரு ஸ்லைடும்

எழுத்து சரியில்லை என்றால் என்ன ஆகிவிடும், கொஞ்சம் மார்க் குறையும், அவ்வளவுதானே? இல்லை. இன்ஜினீயர்களுக்கான எழுத்து வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பேசப்படும் ஒரு ஸ்லைடு இருக்கிறது.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படித்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் அதில் இருந்தார்கள். கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் டேங்க்கிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத்துண்டு விண்கலத்தின் இடது இறக்கையில் மோதியது.

விண்கலம் வானில் சுற்றிக்கொண்டிருந்தபோதே, இந்த மோதல் ஆபத்தானதா என்று இன்ஜினீயர்கள் ஆராய்ந்தார்கள். முடிவுகளை பவர்பாயின்ட் ஸ்லைடுகளாக நாசா அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனை முடிவுகளைப் பார்த்தால் கவலைப்பட அதிகமில்லை என்ற எண்ணத்தைத் தரும் விதத்தில் இருந்தது. அதன் கீழே புள்ளி, அதற்குள் சின்னப் புள்ளி, அதற்குள் இன்னும் சின்னப் புள்ளி என்று வரிகள் இறங்கிக்கொண்டே போயின.

கடைசி வரியில், சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருந்தன. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். உண்மையில் மோதிய துண்டு சுமார் 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது! பழைய சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவுமே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடில் இருந்த மிக முக்கியமான செய்தி. அது தலைப்பில் இல்லை. கடைசி வரியில் இருந்தது. '640 மடங்கு' என்ற வார்த்தையாகக்கூட இல்லை. படிப்பவரே வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

விபத்தை விசாரித்த குழு, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஒரு ஸ்லைடுக்கென்றே இடம் ஒதுக்கியது. தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டியின் அலசலையும் சேர்த்துக்கொண்டது. 'குறிப்பிடத்தக்க' என்ற பொருள் தரும் ஒரே ஆங்கில வார்த்தை அந்த ஸ்லைடில் ஐந்து இடங்களில், வெவ்வேறு அர்த்தங்களில் வந்திருப்பதையும் அந்த அலசல் சுட்டிக்காட்டியது. உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்த ஸ்லைடு பேசுகிறது என்பது, அதைப் படித்த உயரதிகாரிக்குப் புரியாமல் போயிருக்கலாம் என்று குழு கருதியது.

ஸ்லைடு சரியாக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால், கணக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்த சந்தேகம், முடிவெடுப்பவர்களுக்கு அதே எடையோடு போய்ச் சேரவில்லை. முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டும் என்ற எழுத்து வகுப்பின் முதல் பாடம், இதைப் படித்த பிறகு வெறும் பாடமாகத் தெரியாது.

தெளிவாக எழுதியும் கேட்கவில்லை என்றால்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. அதிலும் ஏழு பேர். ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, சரியாக அடைக்காமல் போனதுதான் காரணம்.

அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தில் வேலை பார்த்த ரோஜர் போய்ஸ்ஜோலி என்ற இன்ஜினீயர், ஆறு மாதங்களுக்கு முன்பே, 1985 ஜூலையில், இதைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு மெமோ எழுதியிருந்தார். உடனே கவனிக்காவிட்டால் உயிர்கள் போகும் என்று அதில் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு முந்தைய இரவும் அவரும் சக இன்ஜினீயர்களும் தொலைபேசிக் கூட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்களின் பரிந்துரை. ஏவியபோது வெப்பநிலை சுமார் 2 டிகிரி.

அந்த இரவு அவசர அவசரமாகத் தயாரித்து அனுப்பிய தாள்களில், குளிருக்கும் வளையங்களின் சேதத்துக்கும் உள்ள தொடர்பு ஒரே பார்வையில் தெரியும்படி இல்லை என்று டஃப்டி பின்னாளில் விமர்சித்தார். போய்ஸ்ஜோலி தரப்பு அந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. எழுத்து வகுப்புகளில் இந்த விவாதம் இன்றும் தொடர்கிறது.

மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நன்றாக எழுதினால் எல்லோரும் கேட்டுவிடுவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எழுத வேண்டும். போய்ஸ்ஜோலியின் மெமோவை அன்று கேட்காதவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழுவின் முன் அதே மெமோ சாட்சியாக நின்றது. வாயால் சொல்லியிருந்தால், "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்பதோடு முடிந்திருக்கும். தன் பெயரைப் போட்டு, தேதி போட்டு, ஒரு ஆபத்தைத் தாளில் எழுதுவதற்கு மொழியறிவு மட்டும் போதாது. துணிச்சலும் வேண்டும்.

பெரிய வார்த்தையிலிருந்து சின்ன வார்த்தைக்கு

இதெல்லாம் சரி, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, வீட்டின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு முதல் கவலை வேறு. 'நம் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்களோ?' இந்தப் பயத்தில்தான் பலர் பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடிப் போகிறார்கள். 'யூஸ்' என்றால் சாதாரணமாக இருக்கிறதே என்று 'யூட்டிலைஸ்'. 'ஸ்டார்ட்' போதாது என்று 'கமென்ஸ்'. வாக்கியம் நீளும். நடுவில் எழுவாய் தொலைந்துபோகும்.

டெக்னிக்கல் ரைட்டிங் வகுப்பு இந்த மாணவருக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறது. இங்கே சின்ன வார்த்தைக்குத்தான் மதிப்பு!

தமிழிலேயே பார்க்கலாம். ஓர் அப்பார்ட்மென்ட் மோட்டார் ரூமில் இப்படி ஓர் அறிவிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'மேற்படி மோட்டாரானது இயக்கப்படுவதற்கு முன்பாக நீர் இருப்பானது உறுதிசெய்யப்பட வேண்டியது அவசியமாகும்.' யார் உறுதிசெய்ய வேண்டும்? எங்கே இருக்கும் நீர்? இதையே இப்படி எழுதலாம்: 'மோட்டார் போடும் முன் கீழ்த்தொட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மோட்டார் போடாதீர்கள். காயில் எரிந்துவிடும்.'

முதலாவதை எழுதியவர் அதிகம் படித்தவர் மாதிரி தெரிவார். இரண்டாவதைப் படித்தால் மோட்டார் தப்பிக்கும். எது டெக்னிக்கல் எழுத்து என்று சொல்லவே வேண்டாம். இந்த வித்தியாசம் பிடிபட்ட நாளில், இங்கிலீஷ் பயத்தில் பாதி போய்விடும். இலக்கணம் பழகப் பழக வரும். தெளிவாக யோசிப்பதற்கு எந்த மீடியமும் தடையில்லை.

"நல்லா இருக்கு மச்சி!"

அடுத்த மாற்றம் கொஞ்சம் வலிக்கும். எழுதியதை சக மாணவரிடம் கொடுத்துக் கருத்து கேட்கும் 'பியர் ரிவ்யூ' இந்த வகுப்புகளில் முக்கியமான பகுதி. முதல் வாரம் எல்லோரும், "நல்லா இருக்கு மச்சி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நண்பனைப் புண்படுத்த மனசு வராது. தன் தாளில் யாராவது குறை சொன்னாலோ முகம் வாடிவிடும்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காமல், 'படிக்கும்போது எந்த இடத்தில் நின்றீர்கள்? எந்த வரியை இரண்டாவது முறை படிக்க வேண்டியிருந்தது?' என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. 'மூன்றாவது படியில் எந்த வால்வைத் திருப்புவது என்று தெரியவில்லை' என்று ஒருவர் சொன்னால், அது எழுதியவரின் மீதான புகார் இல்லை. மூன்றாவது படியைப் பற்றிய தகவல். மெஷினில் ஒரு போல்ட் லூஸாக இருந்தால் இன்ஜினீயர் வருத்தப்பட்டு உட்கார மாட்டார், ஸ்பேனரை எடுப்பார். எழுத்தையும் அப்படிப் பார்க்கப் பழகுகிறவர்கள், அந்தப் பழக்கத்தை வேலைக்கும் வாழ்க்கைக்கும் கொண்டுபோகிறார்கள்.

தெரிந்தது எது, தெரியாதது எது?

ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'ஆப் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்.' இதைப் படிப்பவர் என்ன செய்ய முடியும்? மறுபடி போன் செய்து கேட்கத்தான் முடியும்.

அதையே இப்படி எழுதினால்? 'ஆண்ட்ராய்டு 13 போனில், பணம் செலுத்தும் பட்டனைத் தொட்டதும் ஆப் மூடிக்கொள்கிறது. வைஃபையில் ஐந்து முறை முயன்றேன், ஐந்து முறையும் நடந்தது. மொபைல் டேட்டாவில் நடக்கவில்லை. ஐபோனில் இன்னும் சோதிக்கவில்லை.'

இதில் மிக மதிப்பான வரி கடைசி வரிதான். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று கோடு கிழித்துச் சொல்வது. தெரியாது என்று எழுதினால் மார்க் போய்விடும் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் வராது.

ஆனால், எழுதாமல் விட்ட ஒரு தகவல் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு 1988 ஜூலை 6 சாட்சி. ஸ்காட்லாந்துக்கு அருகே வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளத்தில், பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிஃப்ட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோக, இந்தப் பம்ப்பை இயக்கினார்கள். வாயு கசிந்து தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள். பணி அனுமதிச் சீட்டு முறையிலும், ஷிஃப்ட் மாறும்போது தகவல் சொல்லும் முறையிலும் இருந்த ஓட்டைகளை விசாரணை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

வளர்ச்சியை எப்படி எழுதுவது?

இப்போது அந்தக் கடைசி அசைன்மென்ட்டுக்கு வரலாம். பெரும்பாலானவர்கள் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: 'இந்த வகுப்பு எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. என் எழுத்துத் திறனும் தன்னம்பிக்கையும் வளர்ந்தன. ஆசிரியருக்கு என் நன்றி.'

இதில் பொய் இல்லை. ஆனால் ஆதாரமும் இல்லை. எந்த வகுப்புக்கும் எந்த மாணவரும் இதையே எழுதலாம். இன்னொரு மாதிரியைப் பாருங்கள்: 'என் முதல் அறிக்கையில் முடிவு நான்காம் பக்கத்தில் இருந்தது. படித்த நண்பர் இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். கடைசி அறிக்கையில் முடிவை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். கிராஃபுக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது.'

இன்ஜினீயர் பாஷையில் சொன்னால், இரண்டாவது மாதிரியில் 'பிஃபோர்' ரீடிங் இருக்கிறது, 'ஆஃப்டர்' ரீடிங்கும் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? இன்னும் எட்டாத இடத்தையும் அது மறைக்கவில்லை. வேலை செய்துகொண்டே தன் வேலையைத் தானே திரும்பிப் பார்ப்பதுதான் ஒரு தொழில்முறையாளரை வளர்க்கிறது என்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி பேராசிரியர் டொனால்ட் ஷோன் 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆசிரியர், மருத்துவர், இன்ஜினீயர் என்று பல துறைகளின் பயிற்சியில் அந்தச் சிந்தனை இன்றும் இருக்கிறது.

"இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதித் தருமே?" என்று தோன்றலாம். இலக்கணம் பார்க்க, வாக்கியத்தைச் சுருக்க அது உதவும். ஆனால், உங்கள் முதல் அறிக்கையை நண்பர் எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார் என்பது அதற்குத் தெரியாது. தெரியாததை அழகான பொது வாக்கியங்களால் நிரப்பிவிடும். வேறொருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டு போவது மாதிரிதான் அது. ரிப்போர்ட் நன்றாக இருக்கும். உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்றே தொடங்கலாம்!

கல்லூரியில் இப்படி ஒரு அசைன்மென்ட் இல்லாவிட்டால் என்ன? நாமே வைத்துக்கொள்ளலாம்.

* முதல் வரைவைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதுதான் உங்கள் 'பிஃபோர்' ரீடிங்.

* எழுதத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள்: இதை யார் படிக்கப்போகிறார்? படித்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும்? அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

* எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைப் பாருங்கள். முக்கியமான செய்தி அங்கே ஒளிந்திருந்தால் மேலே தூக்கி வையுங்கள்.

* எந்த எண்ணையும் அலகு இல்லாமல் விடாதீர்கள். '5 போடவும்' என்றால் 5 ஸ்பூனா, 5 கிராமா?

* ஒவ்வோர் அறிக்கையிலும் 'இதுவரை சோதிக்காதவை' என்று ஒரு வரியாவது இருக்கட்டும்.

* உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பிள்ளை இன்ஜினீயரிங் படித்தால், "எவ்வளவு மார்க்?" என்பதோடு நிறுத்தாமல், "உன் புராஜெக்ட் எதைப் பற்றி? எனக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் தமிழில் எழுதிக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். படித்துவிட்டு, புரியாத இடத்தில் கூச்சப்படாமல், "இங்கே புரியலையேப்பா" என்று சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு படித்த அம்மாவுக்கும், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் புரியும்படி எழுதத் தெரிந்த பிள்ளை, எந்த மேனேஜருக்கும் புரியும்படி எழுதிவிடும்.

ஏனென்றால், நாளை அந்தப் பிள்ளை எழுதப்போகும் நாலு வரிகளை யார் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு மெஷினின் முன்னால் நிற்கும் டெக்னீஷியனாக இருக்கலாம். கேட்டுத் தெளிந்துகொள்ள அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கையில் இருக்கும் அந்தத் தாள்தான் பேச வேண்டும். அவரை மனதில் வைத்து எழுதுங்கள்!